நாவலைப் படித்துவிட்டுப் படம் பார்த்தால் காணாமல் போகும் அந்த 'ஏதோ'

கேள்வி இப்படி இருந்தது: "அறிவியல் புனைகதையோ ஃபேண்டசியோ, நாவலைப் படித்து முடித்துவிட்டுத்தான் படம் பார்ப்பேன். பத்துக்கு எட்டு முறை எரிச்சல்தான் மிஞ்சுகிறது. 'டூன்' இரண்டு பாகத்தையும் ஊரே கொண்டாடுகிறது, எனக்கு மட்டும் ஏதோ காணாமல் போன மாதிரி இருக்கிறது. எனக்குத்தான் படம் பார்க்கத் தெரியவில்லையா? இனிமேல் படத்தை முதலில் பார்த்துவிட்டுப் படிக்கலாமா?"

புத்தகமா படமா, எது உசத்தி என்ற பழைய பட்டிமன்றத் தலைப்பு போலத்தான் முதலில் பட்டது. இரண்டாவது தடவை வாசித்தபோது, 'ஏதோ' என்று சொல்லி நிறுத்திவிட்டீர்களே, அந்த இடத்தில்தான் உண்மையான கேள்வி இருப்பதாகத் தோன்றியது. காணாமல் போனது எது? எந்தப் பாத்திரத்தைத் தூக்கினார்கள், எந்தச் சண்டையைச் சுருக்கினார்கள் என்ற பட்டியல் இணையத்தில் ஏராளமாகக் கிடைக்கும். அதைப் படித்தும் உங்கள் எரிச்சல் தீரவில்லை என்றால் பட்டியல் தப்பான இடத்தில் தேடுகிறது என்று அர்த்தம்.

என்னைப் பற்றி ஒரு வரி. பதினெட்டு வருடமாகச் சப்டைட்டில் எழுதுகிறேன். மிச்ச நேரத்தில் அறிவியல் புனைகதைகளை மொழிபெயர்ப்பேன். படம் எடுக்கத் தெரியாது. ஆனால் ஒரே காட்சியை நிறுத்தி நிறுத்தி முப்பது தடவை பார்க்கிற வேலை இது. யார் எந்த நொடியில் எதைச் சொல்கிறார்கள், சொல்லாமல் விடுகிறார்கள் என்பது கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். அந்த மூலையில் உட்கார்ந்துகொண்டுதான் பேசுகிறேன். கீழே பல கதைகளின் முடிவைப் போட்டு உடைக்கப் போகிறேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

வழக்கமான பதில் 'நீளம்'. திரைக்கதையில் ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்பது தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. இரண்டு மணி நேரப் படம் என்றால் நூற்றிருபது பக்கம், அதிலும் பாதி வெற்றிடம். ஐந்நூறு பக்க நாவலை அதில் அடைத்தால் பிதுங்கத்தான் செய்யும். இது உண்மை, மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் நோய் நீளம்தான் என்றால் இடத்தைக் கூட்டினால் குணமாக வேண்டுமே? 1937இல் வந்த 'த ஹாபிட்' குழந்தைகளுக்கான சின்னப் புத்தகம். 2012 முதல் 2014 வரை அதை மூன்று படங்களாக எடுத்தார்கள். இடம் தாராளமாக இருந்தது, அதனால் படம் மேம்பட்டது என்று சொல்பவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. மாறாக 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' படங்களில் டாம் பாம்படில் என்ற பாத்திரத்தை அடியோடு விட்டுவிட்டார்கள். அவன் வரவில்லையே என்று புலம்பியவர்களில் நானும் ஒருவன். இரண்டாம் முறை பார்த்தபோது புலம்ப மறந்துவிட்டேன்.

அந்த 'ஏதோ' பெரும்பாலும் காட்சிகளில் இருப்பதில்லை என்பதுதான் இத்தனை வருடத்தில் நான் வந்து சேர்ந்த இடம். எந்தத் தகவல் நமக்கு எப்போது, யார் வழியாகத் தெரியவருகிறது என்ற வரிசையில் அது இருக்கிறது. காட்சி அப்படியே இருக்கும், வசனம்கூட இருக்கும், தெரியவரும் வரிசை மட்டும் மாறியிருக்கும். அங்கேதான் உயிர் போகும், சில சமயம் புது உயிரும் வரும்.

'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கீனிடமிருந்தே ஓர் உதாரணம். தீய மோதிரத்தை அழிக்க எதிரியின் நாட்டுக்குள் போகிறவன் ஃப்ரோடோ, துணைக்கு சாம்; அரகார்னும் மற்றவர்களும் வேறு பக்கம் போரிடுகிறார்கள். அவருடைய இரண்டாம் தொகுதியின் முதல் பாதி முழுக்க அரகார்ன் பக்கத்துக் கதை. இரண்டாம் பாதி முழுக்க ஃப்ரோடோவும் சாமும். இரண்டையும் கலக்கவே மாட்டார். அந்தத் தொகுதி முடிகிற இடத்தில் ஃப்ரோடோ உயிரோடு எதிரியிடம் சிக்கிவிட்டான், சாம் மூடிய கதவுக்கு வெளியே விழுந்து கிடக்கிறான். மூன்றாம் தொகுதியைத் திறந்தால் மறுபடி அந்தப் பக்கத்துக் கதை. நூறு பக்கத்துக்கு மேல், சிக்கிய ஃப்ரோடோவுக்கு என்ன ஆயிற்று என்று ஒரு சொல் கிடையாது. அதன் கடைசியில், கறுப்பு வாயிலுக்கு முன்னால், எதிரியின் தூதன் ஒரு மூட்டையை அவிழ்க்கிறான். சாமின் குறுவாள், சாம்பல்நிற மேலங்கி, ஃப்ரோடோ உள்ளே போட்டிருந்த, மித்ரில் என்ற அரிய உலோகத்தாலான கவசச் சட்டை. ஃப்ரோடோ இப்போது உயிரோடு இருக்கிறானா என்று, எதிரில் நிற்கும் மந்திரவாதி காண்டால்ஃபைப் போலவே நமக்கும் தெரியாது. முதல் முறை படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுந்து நடந்தேன்.

படத்தில் இரண்டு கதைகளும் மாறி மாறி வருகின்றன. தூதன் வரும்போது சாம் ஃப்ரோடோவை மீட்டுவிட்டதை நாம் பார்த்து முடித்திருப்போம். திரையரங்கப் பதிப்பில் தூதன் வரும் காட்சியே இல்லை, நீண்ட பதிப்பில் மட்டும் இருக்கிறது. தூதன் இருக்கிறான், சட்டை இருக்கிறது, பயம் மட்டும் இல்லை. இத்தனைக்கும் டோல்கீன் 1958இலேயே, வேறொருவர் எழுதிய திரைக்கதையைப் படித்துவிட்டு, இந்த இரண்டு கிளைகளையும் தனித்தனியே தொடர்ச்சியாகச் சொல்ல வேண்டும், கலந்தால் இரண்டும் கெடும் என்று கடிதம் எழுதியிருக்கிறார். அவர் சொன்னது சரி. அதே சமயம் நாயகனை ஒரு மணி நேரம் திரையில் காட்டாமல் வைத்திருக்கும் துணிவு எந்தத் தயாரிப்பாளருக்கும் வராது என்பதும் சரிதான். படத்தின் இயக்குநர் பீட்டர் ஜாக்சனை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் காட்சியில் படித்தவருக்கு ஏன் சப்பென்று இருக்கிறது என்பதற்குக் காரணம் இதுதான்.

இதற்கு நேர்மாறாக, வரிசையை மாற்றியே ஜெயித்த படம் ஒன்று உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தக் கதையோடு நான் மல்லுக்கட்டியிருக்கிறேன். டெட் சியாங் 1998இல் எழுதிய 'ஸ்டோரி ஆஃப் யுவர் லைஃப்', 2016இல் 'அரைவல்' என்ற படமானது. லூயிஸ் பேங்க்ஸ் என்ற மொழியியலாளர், ஏழு கால்கள் கொண்ட வேற்றுலகவாசிகளின் எழுத்தைக் கற்கிறாள். அவர்களுக்குக் காலம் ஒன்றன்பின் ஒன்றாக வருவதில்லை, முழுவதும் ஒரே பார்வையில் தெரியும். எழுத்து படிய படிய அவளுக்கும் அப்படியே தெரியத் தொடங்குகிறது. பிறக்கப்போகும் மகளின் வாழ்க்கையும் சாவும் முன்பே தெரிந்துவிடுகிறது. கதை முழுவதும் அந்த மகளிடம் அவள் பேசும் பேச்சு. 'எனக்கு நினைவிருக்கிறது' என்று தொடங்கி எதிர்காலத்தில் முடியும் விதமான பேச்சு.

ஒரு வாசிப்புக் குழுவுக்காக இதைத் தமிழில் செய்தேன். மெய்ப்புப் பார்த்த நண்பர் ஏழெட்டு இடங்களில் வினைமுற்றுகளை இறந்தகாலமாக்கிவிட்டு, ஓரத்தில் 'காலக் குழப்பம், சரிசெய்துவிட்டேன்' என்று எழுதியிருந்தார். அந்தக் குழப்பம்தான் கதையே என்று அவருக்குப் புரியவைக்க ஒரு மாலை போயிற்று. பேசிக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று உறைத்தது. தமிழில் இந்தக் கதை சொல்ல இயல்பாகவே ஒரு வசதி இருக்கிறது. 'நீ ஓடி வருவாய், நான் தூக்கிக்கொள்வேன்' என்றால் அது நடக்கப்போவதா, அந்த நாளில் வழக்கமாக நடந்ததா? 'சின்ன வயதில் மழை வந்தால் வாசலில் போய் நிற்போம்' என்று பழைய நினைவை நாம் எதிர்கால வினையில்தானே சொல்கிறோம். நினைவும் வரப்போவதும் ஒரே வினைவடிவத்தில் உட்கார்ந்திருக்கும் மொழி இது. ஆங்கிலத்தில் சியாங் இலக்கணத்தை முறுக்கித்தான் அந்த மயக்கத்தை வரவழைக்கிறார். நமக்கு அது பாட்டி பேசும் பேச்சிலேயே இருக்கிறது.

படத்துக்கு இந்த வசதி கிடையாது. ஷாட்டுக்குக் காலம் காட்டும் வினைவடிவம் இல்லை. ஒரு குழந்தை புல்வெளியில் ஓடினால் ஓடுகிறது, அவ்வளவுதான். நேற்றா நாளையா என்று படம் தானாகச் சொல்லாது. இயக்குநர் டெனி வில்னவும் திரைக்கதை எழுதிய எரிக் ஹைசரரும் இந்தக் குறையையே கருவியாக்கினார்கள். தொடக்கத்திலேயே மகள் பிறக்கிறாள், வளர்கிறாள், நோயில் இறக்கிறாள். அடுத்து, தனியாக, களையிழந்த முகத்தோடு லூயிஸ். நூறு வருட சினிமாப் பழக்கம் நமக்குள் உடனே வேலை செய்கிறது. இது ஃப்ளாஷ்பேக், இவள் மகளை இழந்தவள் என்று நாமாகவே முடிவு செய்துவிடுகிறோம். அது இனிமேல் நடக்கப்போவது என்று வெகுநேரம் கழித்துத் தெரியும்போது நம்முடைய அனுமானம் நம் முகத்திலேயே அடிக்கிறது. சியாங் எதையும் ஒளிப்பதில்லை, மகள் இறந்துவிடுவாள் என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார். படம் ஒளிக்கிறது. தெரியவரும் வரிசை தலைகீழ், ஆனால் அதே அனுபவத்துக்கு வேறு வாசல். தழுவல் என்றால் இதுதான் என்பேன்.

ஒரு சின்னக் கிளைக்கதை, சப்டைட்டில்காரனின் துக்கம். படத்தில் மகளின் பெயர் ஹன்னா. முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒன்றே என்று அம்மா சொல்கிறாள். ஆங்கில எழுத்தில் அப்படித்தான். தமிழில் எழுதித் திருப்பினால் ஒன்றும் தேறாது. 'விகடகவி மாதிரி' என்று போடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் நேராகவே எழுதிவிட்டு, பார்ப்பவர் மன்னிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் இந்த வெற்றிக்கு ஒரு விலை இருந்தது, படித்தவர்கள் அதைச் சரியாகவே உணர்வார்கள். கதையில் மகள் நோயில் சாவதில்லை. இருபத்தைந்து வயதில், மலையேறும்போது விழுந்து இறக்கிறாள். நோயைத் தடுக்க முடியாது. மலையேற்றத்தை? 'போகாதே' என்று ஒரு சொல் போதுமே, அம்மாவுக்குத்தான் முன்பே தெரியுமே! அந்தக் கேள்வியை வாசகன் கேட்க வேண்டும் என்பதற்காகவே சியாங் விபத்தை வைத்திருக்கிறார். ஒளி காற்றிலிருந்து தண்ணீருக்குள் போகும்போது வளைகிறது. மிகக் குறைந்த நேரத்தில் போய்ச்சேரும் பாதை எதுவோ அதில் போகிறது என்று ஃபெர்மா சொன்ன விதியைக் கதைக்குள் ஓர் இயற்பியலாளர் விளக்குகிறார். அப்படியென்றால் கிளம்பும்போதே ஒளிக்குச் சேருமிடம் 'தெரிந்திருக்க' வேண்டும் போல் இருக்கிறது. முடிவை அறிந்தபடியே அதை நோக்கிப் போவதற்குக் கதை கொடுக்கும் உவமை அது.

இதே விஷயம் ஒரு மரக் கிண்ணத்திலும் வருகிறது. கடையில் சாலட் கிண்ணம் ஒன்றை லூயிஸ் பார்க்கிறாள். மகளுக்கு மூன்று வயதாகும்போது அது அவள் மேல் விழுந்து நெற்றியில் தையல் போடும்படி ஆகும் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தே கை நீட்டி எடுக்கிறாள். யாரோ கட்டாயப்படுத்தியதாக அவளுக்குத் தோன்றவில்லை. விழப்போகும் கிண்ணத்தைப் பிடிக்கப் பாய்வதில் என்ன தவிப்பு இருக்குமோ அதே தவிப்போடுதான் எடுக்கிறாள். கதையின் மொத்த எடையும் அந்தக் கிண்ணத்தில் இருக்கிறது. படத்தில் கிண்ணம் இல்லை. விபத்தை ஏன் நோயாக்கினார்கள் என்பதற்கு என்னுடையது ஊகம்தான்: 'தடுத்திருக்கலாமே' என்று பார்வையாளர் முணுமுணுக்கத் தொடங்கினால் அழுகை நின்றுவிடும். நோயானதும் கேள்வி மாறிவிடுகிறது. இழப்போம் என்று தெரிந்தும் பெற்றுக்கொள்வாயா? நல்ல கேள்விதான். ஆனால் சியாங் கேட்டது அது இல்லை.

இப்போது உங்கள் 'டூன்'. 1965இல் ஃப்ராங்க் ஹெர்பர்ட் எழுதிய இந்த நாவல், பாலைவனக் கோள் ஒன்றில் பால் என்ற இளைஞன் மக்களின் மீட்பனாக எழும் கதை. இதில் அநேகமாக எல்லோருடைய மனதுக்குள்ளும் நாம் போய் வருகிறோம். ஒரே உரையாடலில் பேசுபவர் நினைப்பதும் கேட்பவர் நினைப்பதும் சாய்வெழுத்தில் வந்துகொண்டே இருக்கும். 1984இல் டேவிட் லிஞ்ச் அந்த நினைப்புகளைக் கிசுகிசுப்பான பின்னணிக் குரலாகவே வைத்துப் பார்த்தார். நாவலுக்கு விசுவாசம்தான், ஆனால் நடிகர் முகத்தை வைத்துக்கொண்டு சும்மா நிற்க, குரல் மட்டும் ஓடுகிறது. 2021, 2024 படங்களில் வில்னவ் அதை முழுக்கத் துடைத்துவிட்டார். பதிலுக்குக் கைச்சைகை, பார்வை, கனவுத் துண்டுகள். என் கணக்கில் இது சரியான முடிவு. ஆனால் இதோடு போனது ஒன்று உண்டு. உங்கள் 'ஏதோ' அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

பாலின் குடும்ப மருத்துவர் யூயே துரோகம் செய்யப்போகிறார் என்பதை ஹெர்பர்ட் புத்தகத்தின் தொடக்கத்திலேயே, எதிரிகளின் வாயாலேயே, சொல்லிவிடுகிறார். யார் துரோகி என்ற மர்மமே கிடையாது. நமக்குத் தெரியும், வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியாது. அவர்கள் பாலின் தாய் ஜெசிக்காவைச் சந்தேகிக்கிறார்கள். நல்லவர்கள் நல்லவளைச் சந்தேகிக்க, துரோகி அவள் எதிரிலேயே நின்று கலங்க, நாம் கையாலாகாமல் பார்த்துக்கொண்டிருக்கிறோம். 2021 படத்தில் துரோகம் திடீரென்று நடக்கிறது, ஜெசிக்கா மேலான சந்தேகமும் இல்லை. நாவல் தந்த பதைப்பு போய், ஓர் அதிர்ச்சி கிடைத்தது. அதிர்ச்சி அரை நிமிடம் நிற்கும். பதைப்பு நூறு பக்கம் நிற்கும். அதேபோல் நாவலின் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் தலைப்பில் இளவரசி இருலன் பிற்காலத்தில் எழுதும் நூல்களிலிருந்து ஒரு பகுதி வரும். பால் வெல்வானா என்ற கேள்வியை அது முதல் பக்கத்திலேயே அணைத்துவிட்டு, வென்றது நல்லதற்கா என்ற கேள்வியை ஏற்றிவிடும்.

இரண்டாம் பாகத்தில் வில்னவ் இதற்கு ஒரு பரிகாரம் செய்திருக்கிறார், அதைக் கவனித்தால் உங்கள் கோபம் கொஞ்சம் தணியலாம். நாவலில் பாலின் காதலி சானி கடைசிவரை அவனோடு நிற்பவள். சட்டப்படி மனைவி இருலன் ஆனாலும் வரலாறு நம்மைத்தான் மனைவி என்று சொல்லும் என்று ஜெசிக்கா அவளைத் தேற்றுவதோடு நாவல் முடிகிறது. படத்தில் சானி அவனை நம்ப மறுக்கிறாள், எல்லோரும் மண்டியிடும்போது வெளியேறுகிறாள், மணற்புழுவை வரவழைக்கக் காத்து நிற்கும் அவள் முகத்தோடு படம் முடிகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் பெரிய மீறல். ஆனால் பால் என்ற இந்த நாயகனை வீரனாகவே வாசகர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்ற உறுத்தல் ஹெர்பர்ட்டுக்கே இருந்தது. 1969இல் வந்த அடுத்த நாவலில் அந்த வீர பிம்பத்தைத் தானே உடைத்தார். அத்தியாயத் தலைப்புகளில் இருந்த எச்சரிக்கையைத் திரையில் சுமக்க ஒரு முகம் வேண்டும். அந்த வேலையைச் சானிக்குக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு இது ஹெர்பர்ட்டுக்குச் செய்த துரோகமாகத் தெரியவில்லை. பாலின் தங்கை ஆலியாவைப் பிறக்கவே விடாமல் கருவிலேயே வைத்துப் பேசவைத்ததைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். நாவலில் சின்னக் குழந்தையாக வந்து எதிரிகளின் தலைவன் பாரன் ஹார்கோனனைக் கொல்பவள் அவள். அந்த விபரீதத்தின் அழகு படத்தில் இல்லை.

வெறும் சுவை வேறுபாடு என்று விட முடியாத மாற்றங்களும் உண்டு, கற்பனை உலகத்தின் சொந்த விதியையே முறிப்பவை. லிஞ்சின் படம், கதை நடக்கும் அர்ராகிஸ் கோளில் மழை கொட்டுவதோடு முடிகிறது. பார்க்கப் பிரமாதம். ஆனால் நாவலில் தண்ணீர் மணற்புழுக்களுக்கு விஷம். புழு இல்லையென்றால் அங்கே கிடைக்கும் ஸ்பைஸ் என்ற அரிய போதைப்பொருள் இல்லை. ஸ்பைஸ் இல்லையென்றால் விண்வெளிப் போக்குவரத்தே நின்றுபோகும். அந்த மழை, மொத்தக் கதையின் பொருளாதாரத்தையும் ஒரே நிமிடத்தில் கரைத்துவிடுகிறது. சமூக நாவலில் இப்படி ஒரு மழையைச் சேர்த்தால் யாரும் கேட்க மாட்டார்கள். அறிவியல் புனைகதை படித்தவர் கேட்காமல் இருக்க முடியாது.

படம் புத்தகத்தோடு சேராமலே பெரிய படைப்பாவதும் நடக்கும். 1982இல் வந்த 'பிளேட் ரன்னர்', ஃபிலிப் கே. டிக் 1968இல் எழுதிய நாவலிலிருந்து வந்தது. அந்த நாவலில் போருக்குப் பிறகு விலங்குகள் அநேகமாக அழிந்துவிட்டன. உயிருள்ள ஆடு வைத்திருப்பது பெருமை, வாங்க முடியாதவர்கள் மின்சார ஆட்டை மொட்டைமாடியில் மேயவிடுகிறார்கள். அதனால்தான் மனிதனா இயந்திரமா என்று கண்டுபிடிக்கும் சோதனையில் விலங்குகளைப் பற்றியே கேட்கிறார்கள். படம் இந்தப் பின்னணியைக் கிட்டத்தட்ட கைவிட்டது, சோதனைக் கேள்விகளை மட்டும் வைத்துக்கொண்டது. பாலைவனத்தில் ஆமை மல்லாந்து கிடக்கிறது, ஏன் நீ உதவவில்லை என்று கேட்கும் காட்சி, பாறைக்குள் சிக்கிய எலும்பு மாதிரி, பழைய உயிரின் தடயமாக நிற்கிறது. அதைவிடப் பெரிய மாற்றம் முடிவில். நாவலின் இயந்திர மனிதர்களுக்கு இரக்கம் கிடையாது, ஒரு சிலந்தியின் கால்களைக் கத்தரித்து வேடிக்கை பார்ப்பார்கள். படத்தில் சாகப்போகும் இயந்திர மனிதன் தன்னைக் கொல்ல வந்தவனைக் காப்பாற்றுகிறான். டிக் சொன்னதற்கு நேர் எதிர். இரண்டுமே எனக்குப் பிடிக்கும். ஒன்றை மற்றதன் தழுவல் என்று சொல்வதில்தான் தயக்கம்.

எழுதியவரே படத்தைப் பிடிக்கவில்லை என்றால் வழக்கு முடிந்ததா? எனக்கு அதில் சந்தேகம் உண்டு. போலந்து எழுத்தாளர் ஸ்டானிஸ்லாவ் லெம் 1961இல் 'சோலாரிஸ்' எழுதினார். 1972இல் ரஷ்ய இயக்குநர் தார்க்கோவ்ஸ்கி படமாக்கினார். தார்க்கோவ்ஸ்கி எடுத்தது சோலாரிஸ் இல்லை, தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' என்று லெம் கடுப்போடு சொன்னார். வேற்றுக் கோளில் இருக்கும், புரிந்துகொள்ளவே முடியாத ஒரு கடலைப் பற்றி மனிதர்கள் எழுதிக் குவித்த நூல்களைப் பக்கம் பக்கமாக விவரிப்பது நாவலின் முதுகெலும்பு. தோற்றுப்போன ஓர் அறிவியல் துறையின் வரலாறு அது. படத்துக்கு மனசாட்சியும் வீடும்தான் முக்கியம். லெம்மின் கோபம் நியாயம், படமும் மகத்தானது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: எனக்குப் போலிஷ் தெரியாது. நான் முதலில் படித்த ஆங்கிலப் பதிப்பே பிரெஞ்சிலிருந்து செய்யப்பட்டது, நேரடி ஆங்கில மொழிபெயர்ப்பு 2011இல்தான் வந்தது. லெம்மைப் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபேண்டசி எழுத்தாளர் உர்சுலா லெ குவின் விஷயம் வேறு. அவருடைய 'எர்த்சீ' உலகில் பெரும்பாலானவர்கள் மாநிறத்தவர், நாயகன் கெட் செம்பழுப்பு நிறம். ஃபேண்டசி என்றாலே வெள்ளை வீரர்கள்தான் என்று இருந்த 1968இல் யோசித்தே செய்த வேலை அது. 2004இல் வந்த தொலைக்காட்சித் தொடர் கெட்டை வெள்ளையனாக்கியது. லெ குவின் வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார். நிறம் அங்கே அலங்காரம் கிடையாது, நூலின் வாதமே அது. அதே லெ குவின், 2006இல் ஜப்பானில் எடுத்த அனிமேஷன் படத்தைப் பார்த்துவிட்டு, இது என் புத்தகம் இல்லை, உங்கள் படம், நல்ல படம் என்று இயக்குநரிடம் சொன்னார். குறைகளும் பிற்பாடு எழுதினார் என்றாலும் அந்த முதல் வாக்கியத்தின் நாகரிகம் எனக்குப் பிடிக்கும்.

தொடர்களைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், நிறைய நேரம் இருப்பதால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை எனக்குப் போய்விட்டது. ஒரே ஒரு தந்திரம் மட்டும் பாராட்ட வேண்டியது. அசிமோவின் 'ஃபவுண்டேஷன்' கதைகளில் நூற்றாண்டுகள் ஓடுகின்றன, ஒரு கதையின் நாயகன் அடுத்த கதையில் செத்துப்போயிருப்பான். தனிமனிதன் முக்கியமில்லை என்பதுதான் அங்கே கருத்து. தொடருக்கோ வாராவாரம் அதே முகம் வேண்டும். 2021 தொடரில் பேரரசரைக் குளோன் பரம்பரையாக்கினார்கள், அதாவது ஒரே மனிதனின் நகல்கள் அடுத்தடுத்து ஆள்கிறார்கள். ஒரே நடிகர் தலைமுறை தலைமுறையாக வருகிறார். நாவலில் இல்லவே இல்லாத விஷயம், ஆனால் மாறாமல் உறைந்துபோன பேரரசு என்ற நாவலின் எண்ணத்துக்கு அது அச்சாகப் பொருந்துகிறது. தொடரின் மற்ற பகுதிகளில் ஒற்றை வீரர்கள் உலகைக் காப்பாற்றிக்கொண்டே இருப்பதைப் பார்த்தால் அசிமோவுக்கு என்ன தோன்றியிருக்குமோ.

கடைசியாக, எதை முதலில்? இதற்குப் பொதுவிதி கிடையாது, என் பழக்கத்தைச் சொல்கிறேன். படத்தை முதலில் பார்த்தால் நடிகரின் முகம் மனதில் ஒட்டிக்கொள்ளும், பிறகு அதைக் கழற்றவே முடியாது. நாவலை முதலில் படித்தால் ஒவ்வொரு காட்சியிலும் தணிக்கையாளராகிவிடுவோம், உங்களுக்கு நடப்பது அதுதான். நாவல் நீளமாகவும் மனவோட்டம் நிறைந்ததாகவும் இருந்தால் நான் படத்தை முதலில் பார்க்கிறேன். முகத்தை இழந்தாலும் மனதுக்குள் நடப்பது முழுக்கப் புதிதாகக் கிடைக்கும். குறுங்கதையாக இருந்தால் கதையை முதலில் படிக்கிறேன்.

உங்களுக்கு மட்டும் இதற்கு விதிவிலக்காக ஒன்று சொல்வேன். சியாங்கின் கதையை இன்னும் படிக்கவில்லை என்றால் 'அரைவல்' படத்தை முதலில் பாருங்கள். ஒளித்துவைக்கும் படம் அது, ஒளித்தது தெரிந்துவிட்டால் அந்த அடி விழாது. மறுநாள் கதையைப் படியுங்கள், ஒரே அமர்வில் முடியும். அந்தக் கிண்ணம் வரும் பத்தியில் நிறுத்தி, இதைப் படத்தில் எந்த இடத்தில் வைத்திருப்பீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். நான் மூன்று இடங்களில் வைத்துப் பார்த்தேன். மூன்றிலும் படத்தின் ரகசியம் வெளியே வந்துவிடுகிறது.